பேஸ் டிரம் பதிவில் அட்டைப்பெட்டிச் சத்தம்: மைக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி

22 அங்குல பேஸ் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்). முன்தோலில் உள்ள துளைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஏகேஜி டி112 மைக்கை வைத்துப் பதிவு செய்கிறேன். நேரில் நெஞ்சில் இடிக்கிற 'தொம்', பதிவில் அட்டைப்பெட்டியைத் தட்டிய 'டப்' ஆகிவிடுகிறது. ஈக்யூவில் (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) அடிப்பகுதியான 60 ஹெர்ட்ஸை ஏற்றினால் ஒரே கொழகொழப்பு. உள்ளே இரண்டு தலையணைகள் திணித்திருக்கிறேன். மூன்று இரவுகள் இதிலேயே போய்விட்டன. வேறு மைக் வாங்கட்டுமா?

பதில் 1

வாங்காதீர்கள், மைக்கில் குறையில்லை. முதலில் அந்தத் தலையணைகளை வெளியே எடுங்கள். டிரம் தூங்கப் போவதில்லை. மடித்த துண்டு ஒன்று இரண்டு தோல்களையும் லேசாகத் தொட்டுக்கொண்டு கிடந்தால் போதும்.

அடுத்து டியூனிங். அடிக்கும் பக்கத் தோலை முழுவதும் தளர்த்திவிட்டு, எதிரெதிர்த் திருகுகளாக, சுருக்கம் மறையும் வரை மட்டும் இறுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. முன்தோல் அதைவிடச் சற்று இறுக்கமாக இருக்கலாம். ஒருமுறை நான் பகல் முழுக்க மைக்கை நகர்த்தி நகர்த்திச் சலித்த பிறகுதான் ஒரு திருகு கழன்று தொங்குவதைக் கண்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகே மைக். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைக் கையால் நகர்த்திப் பாருங்கள். உள்ளே, பெடலின் சுத்தி படும் இடத்துக்கு அருகே போனால் அடியின் 'டக்' துலங்கும். துளையை நோக்கிப் பின்வாங்கினால் 'தொம்' பெருகும். துளையின் வாயிலேயே நேராக நிறுத்தினால் காற்று சீறும், சற்றுச் சாய்த்து வையுங்கள். ஈக்யூவில் 60-ஐ விட்டுவிட்டு 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டி பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

பதில் 2

ஓவர்ஹெட் மைக்குகள் (டிரம்களுக்கு மேலே தொங்குபவை) உண்டா? ஒலி 1 மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒன்றரை மீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும் மைக்குக்கு அடி நான்கு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வந்து சேரும். இரண்டு மைக்குகளின் ஒலியும் கலக்கும்போது கீழ்ச்சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். பேஸ் டிரம் தடத்தின் போலாரிட்டி பொத்தானை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) அழுத்தி, எந்த நிலையில் கனம் கூடுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அதில் 60 ஹெர்ட்ஸ் வரவே வராது.

கேள்வி கேட்டவர்

மடிக்கணினிதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தலையணைகளும் வெளியேறிவிட்டன. மைக் இப்போது உள்ளே, சுத்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. போலாரிட்டியை மாற்றியதும் காணாமல் போயிருந்த 'தொம்' திரும்பிவிட்டது. ஈக்யூவில் 350-ஐ மட்டும் கொஞ்சம் குறைத்தேன். ஆனால் இப்போது ஒவ்வோர் அடிக்கும் பெடலின் கிரீச் சத்தமும் துல்லியமாகப் பதிவாகிறது. இதற்கு எந்த அலைவரிசையைக் குறைப்பது?

பதில் 1

எண்ணெய் விடுங்கள்.