பொருள்: 'ஓரவஞ்சனை' வேண்டாம், 'உட்கோட்டம்' ஆகட்டும்

அன்புள்ள ஐயா, அக்கா, வணக்கம்.

கணினியின் படிமுறை (algorithm) சிலருக்குப் பாதகமாகச் சாய்ந்து முடிவெடுப்பதை ஆங்கிலத்தில் 'algorithmic bias' என்கிறார்கள். அதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல்லாக ஐயா முன்வைத்த 'படிமுறை ஓரவஞ்சனை'யை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நல்ல நாட்டுச் சொல்தான். ஆனால் பந்தியில் வேண்டாதவன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போகிறவன் செய்வதே ஓரவஞ்சனை. அதற்கு ஒரு மனம் வேண்டும். நாம் பெயர் தேடும் குற்றத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு மனம் இல்லை. அதனால்தான் அது எளிதில் பிடிபடுவதும் இல்லை.

சென்ற மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், என் வீட்டில், கார் காப்பீட்டுக்காக ஓர் இணையப் படிவத்தை நிரப்பினேன். பிறகு முகவரியை மட்டும் மாற்றி, டர்பனின் இன்னொரு பகுதியில் இருக்கும் தங்கையின் தெருவை இட்டேன். அதே கார், அதே ஓட்டுநர். மாதத் தவணை இறங்கியது. திருட்டுக் கணக்கைப் பார்த்திருப்பார்கள். அதில் நியாயமும் இருக்கலாம். படிவத்தில் இனம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் இந்தத் தெருவை எங்கள் பெரியவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? 1950இல் வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் (Group Areas Act) அவர்களை இங்கே கொண்டுவந்து தள்ளியது. 1991இல் சட்டம் போய்விட்டது, முகவரி போகவில்லை. இனத்தைக் கேட்காத கணினிக்கு முகவரியே அதைச் சொல்லிவிடுகிறது.

அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்ட ஒரு படிமுறை பற்றி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதற்கு அது மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. ஆகவே நோயும் குறைவு என்று கணக்கிட்டது.

அக்கா சொன்ன 'சார்பு' கணிதப் பாடநூலில் ஏற்கெனவே 'function' என்ற வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் குழம்புவார்கள்.

என் பரிந்துரை 'படிமுறை உட்கோட்டம்'. நடுவுநிலைமை அதிகாரத்தில், 119ஆம் குறளில் இருக்கிறது: "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்." உள்ளே கோணல் இல்லையென்றால்தான் சொல்லிலும் கோணல் இல்லாத நடுவுநிலைமை வாய்க்கும் என்பது பொருள். காப்பீட்டுப் படிவம் இனத்தைக் கேட்கவில்லை, சொற்கோட்டம் இல்லை. முகவரி வழியாக நுழைந்ததே உட்கோட்டம். வள்ளுவர் 'உள்' என்றது உள்ளத்தைத்தானே, இயந்திரத்துக்கு ஏது உள்ளம் என்று ஐயா கேட்பார். அதற்கு முந்தைய குறளைப் பாருங்கள்: "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை." தராசுக்கும் உள்ளம் இல்லை, ஆனாலும் அது ஒருபக்கம் கோணும். கோணினால் நிமிர்த்தலாம் என்பதும் இந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அது எனக்கு முக்கியம். படிமுறையையே பழிக்கும் சொல் நமக்கு வேண்டாம். மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைத் தேடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. காசநோய் இவ்வளவு மிகுந்த நம் நாட்டில், எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த மருத்துவர் இல்லாத ஊருக்கு அது எத்தனை பெரிய உதவி!

'கோட்டம்' நிர்வாகப் பிரிவையும் குறிக்குமே என்றால், 'உள்' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, தானியங்கி முறையில் மட்டுமே ஒருவரைப் பற்றி முடிவெடுப்பதற்கு வரம்பு விதிக்கிறது. ஞாயிறு வகுப்புப் பெற்றோருக்காக அதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இன்னொன்று: முகவரியைப் போல, வேறொன்றுக்குப் பதிலாக நிற்கும் தரவைப் 'பதிலி' என்று எழுதியிருக்கிறேன். இருவருக்கும் சம்மதமா?

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து