மின்வெட்டின்போது மூன்று சர்வர்களும் முறையாக அணைய வேண்டும்

கேள்வி:
ஒரே யூபிஎஸ்ஸில் மூன்று லினக்ஸ் சர்வர்கள் இயங்குகின்றன. யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மட்டுமே செருகப்பட்டிருப்பதால், மின்வெட்டு நீளும்போது அது மட்டும் முறையாக அணைகிறது. மற்ற இரண்டும் பேட்டரி தீர்ந்ததும் பட்டென்று நின்றுவிடுவதால், சென்ற வாரம் டேட்டாபேஸ் ஒன்று பழுதானது. இதற்கு என்ன வழி?

மறுமொழி 1:
நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருளை மூன்றிலும் நிறுவுங்கள். கேபிள் உள்ள சர்வர் 3493ஆம் போர்ட் வழியாக மற்றவற்றுக்கு நிலவரம் சொல்லும். பேட்டரி தாழ்ந்ததும் அவை விலகும்வரை, இயல்பான அமைப்பில் அதிகபட்சம் 15 நொடி, காத்திருந்து தான் கடைசியாக அணையும். டேட்டாபேஸ் மூட நேரமெடுத்தால் இந்த அளவைக் கூட்டுங்கள்.

மறுமொழி 2:
நெட்வொர்க் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா? இல்லையெனில் தகவலே போய்ச் சேராது. (இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மின்வெட்டுகள் தேவைப்பட்டன.)

கேள்வி கேட்டவர்:
சுவர் பிளக்கில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன், நன்றி. மின்சாரம் வந்ததும் சர்வர்கள் தாமாக இயங்குமா?

மறுமொழி 1:
பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அதற்கான அமைப்பை இயக்குங்கள். சர்வர்கள் அணைந்தபின் யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டைத் துண்டிக்க வேண்டும். இல்லையெனில், பேட்டரி தீருமுன் மின்சாரம் திரும்பினால், மின்சாரம் நின்று வந்ததாகவே சர்வர்களுக்குத் தெரியாது, அவை அணைந்தே கிடக்கும்.