நெஞ்சு வலி: வாயு என்று வந்தவர்களும் வாயு என்று நின்றவர்களும்

தாலுகா மருத்துவமனை மருத்துவர்:
இரவுப் பணி. லாரி ஓட்டுநர், வயது 48. “வாயுப் பிடிப்பு டாக்டர், ஓர் ஊசி போட்டால் போதும்” என்று நடந்தே வந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு வலி என்றால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு, பாடப்புத்தகப் படம் போலத் தெளிவாக. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸைக் கலக்கச் சொல்லிவிட்டேன்.

நரம்பில் மருந்து ஏற்றும் குழாயான வென்ஃப்ளான் போட இடக்கையைப் பிடித்த சிஸ்டர், “இந்தக் கையில் நாடியே சரியாகக் கிடைக்கவில்லையே சார்” என்றார். ரத்த அழுத்தத்தை அளந்தோம். வலக்கையில் 180, இடக்கையில் 120. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்: வலி எப்படித் தொடங்கியது? “தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். துணி கிழிகிற மாதிரி ஒரே வெட்டு, அப்படியே முதுகுக்கு ஓடியது.”

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. கிழிசல் வலது இதயத் தமனியின் வாயையும் அடைத்ததால்தான் இ.சி.ஜி.யில் அப்படி. கரைப்பு மருந்து ஏறியிருந்தால் அவரைக் கொன்றிருப்பேன். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தோடு 108-இல் ஏற்றினோம். மருத்துவக் கல்லூரியில் சி.டி. உறுதிப்படுத்தியது, விடிவதற்குள் அறுவைச் சிகிச்சை. பிழைத்தார். அதன்பிறகு நான் இரண்டு மணிக்கட்டையும் பிடிக்காமல் இ.சி.ஜி. தாளைத் தொடுவதில்லை.

நோயாளி, வயது 52:
என் கதை வேடிக்கை. இடப்பக்க நெஞ்சில் எரிச்சல். இரண்டு இ.சி.ஜி., ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எல்லாம் சரி. மூன்றாம் நாள் மனைவி, “என்னங்க இது, முதுகில் வரிசையாகக் கொப்புளம்?” என்றாள். அக்கி! சட்டை உரசினாலே எரிகிறது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். மாரடைப்பு பயத்தில் அதெல்லாம் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு தம்பி:
என் அண்ணனுக்குச் சோடாவும் சுட்ட பூண்டும் கொடுத்தது நாங்கள்தான். ஏப்பம் வந்தது, வலி தணிந்தது. முதல் இ.சி.ஜி.யும் சரியாகவே இருந்தது. ட்ரோபோனின் ஏறச் சில மணி நேரமாகும், இருந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். “காலையில் வருகிறோம்” என்று கையெழுத்துப் போட்டேன். நாலரை மணிக்கு அண்ணி கூப்பிட்டார்.

தாலுகா மருத்துவமனை மருத்துவர்:
தம்பி, ஏப்பம் விட்டதும் மாரடைப்பு வலிகூடத் தணிந்தாற்போல் இருக்கும். அதை நம்பி நாங்களே ஏமாந்திருக்கிறோம்.