இலவம் பஞ்சு என்று வாங்கினேன், உள்ளே பாதி பாலியஸ்டர்

வேளச்சேரி மாடிவாசி:
ஃபைபர், அதாவது பாலியஸ்டர் அடைத்த தலையணையில் படுத்தால் பிடரி சுடுகிறது என்று அம்மா தினமும் புலம்பல். சரி, இலவம் பஞ்சே வாங்கிவிடுவோம் என்று ஒரு கடையில் இரண்டு வாங்கினேன். மூன்றே மாதத்தில் கட்டி கட்டியாகிவிட்டது. தையலைப் பிரித்தால் மேலே மட்டும் இலவம், நடுவில் வெள்ளை வெளேரென்று பாலியஸ்டர்! கடைக்காரரோ "இப்ப எல்லாமே மிக்ஸிங்தான் சார்" என்கிறார், கூச்சமே இல்லாமல். நல்ல பஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். வெயிலில் போட வழியில்லாமல் இலவம் பஞ்சு சரிப்படுமா?

போடிப் பேத்தி:
நிறமே காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கம், போடி, வருசநாடு எல்லாம் இலவ மரம்தான். அந்தப் பஞ்சு சுத்த வெள்ளையாக இருக்காது, லேசாகச் சந்தன நிறம், பட்டு மாதிரி மினுங்கும், அள்ளினால் கையில் எடையே தெரியாது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒன்றிரண்டு கறுப்பு விதை கிடக்கும். ஒரு சிட்டிகை கொளுத்திப் பாருங்கள், இலவம் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். (வெளியே வைத்துச் செய்யுங்கள், இலவம் குபுக்கென்று பற்றும்.) தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார் என்பார்கள், அதை நம்பாதீர்கள், ஃபைபரும் கொஞ்ச நேரம் மிதக்கும். ஆனால் இலவம் மிதப்பது நிஜம்: இழைக்குள்ளே வெறும் காற்று, மேலே மெழுகுப் பூச்சு, அதனால்தான் அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதை அடைத்தார்கள். எல்லாவற்றையும்விட, கண்ணெதிரே அடைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தைத்து வைத்ததை வாங்கவே வாங்காதீர்கள்.

பெரம்பூர் அப்பா:
வெயில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் சார். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர் ஈரத்துக்கு அது கட்டி தட்டிப் புழுங்கல் வாடை அடிக்கும், துவைக்கவும் முடியாது. என் பையனுக்கு வீசிங், அதனால் ஃபைபர்தான், மாதம் ஒரு தடவை மெஷினில் போட்டு எடுக்கிறேன். இயற்கை என்ற சொல்லுக்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய மெத்தை:
பெரம்பூர் அண்ணே, துவைக்கலாம், சரி. ஒவ்வொரு துவைப்பிலும் அந்த இழை பொடிப்பொடியாகக் கழன்று சாக்கடைக்குப் போகிறதே? தண்ணீர் பாட்டிலும் அதுவும் ஒரே சரக்கு. அமுங்கிப் போனதும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பஞ்சையே உலர்த்தி, குச்சியால் தட்டி, புது உறையில் அடைத்துத்தான் இன்றும் படுக்கிறோம். தூசி பறக்கும், அதை மறைக்கவில்லை. வீசிங் இருக்கிற வீட்டில் தட்டவே கூடாது.

வேளச்சேரி மாடிவாசி:
பால்கனியில் கொளுத்திப் பார்த்தேன், மணிதான்! மாடிச் சாவி ஞாயிறு காலை மட்டும் தருவதாகச் சங்கச் செயலாளர் ஒத்துக்கொண்டார், ஊறுகாய் போடப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு. போடி அக்கா, அம்மாவுக்குக் கழுத்துவலியும் உண்டு, ஒரு கிலோவுக்குள் தளர்வாக அடைக்கச் சொல்லட்டுமா?