பழைய சின்ன ட்ரக்டருக்கு பெட்டரி தட்டு செய்வது எப்படி?

கந்தப்பளை லீக்ஸ்:
எங்களிடம் இருப்பது ஜப்பான் சின்ன ட்ரக்டர். லீக்ஸ், கரட் பாத்திக்கு மண் புரட்ட, உர மூட்டை இழுக்க அப்பா காலத்திலிருந்தே ஓடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த பெட்டரி தட்டு அமிலம் பட்டு அரித்துப்போய், தொட்டாலே பொடியாக உதிர்கிறது. இப்போதைக்கு ரப்பர் டியூப்பால் கட்டியிருக்கிறோம். படிக்கட்டுப் பாத்தியில் ஏறி இறங்கும்போது பெட்டரி ஆடுகிறது. நுவரெலியாவில் தேடினேன், அசல் தட்டு கிடைக்கவில்லை. பெட்டரி என்எஸ் 40 அளவு. எந்த இரும்பு போடலாம்? சேசிஸோடு வெல்டிங் பண்ணிவிடலாமா?

ராகலை பட்டறை:
தம்பி, சேசிஸோடு ஒட்ட வேண்டாம். தனியாகச் செய்து போல்டில் பூட்டுங்கள். நாளைக்கு அரித்தால் கழற்றி மாற்றலாம்.

25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்புள்ள எல் இரும்பு போதும். முதலில் பெட்டரி அளவுக்கு ஒரு மரக்கட்டை வெட்டி, அதைச் சுற்றிச் சட்டத்தை ஒட்டுங்கள். பெட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்டிங் பண்ணவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. சுற்றிலும் 5 மி.மீ. இடம் விட்டால் பழைய டயர் ரப்பரை வெட்டிச் செருகலாம். அடியில் முழுத் தகடு போட்டால் மூலைக்கு ஒரு துளை வேண்டும். நம்ம பக்கத்து மழைக்கு தண்ணீர் தேங்கினால் மறுபடியும் இதே கதைதான்.

மேலே கட்டுவதுதான் முக்கியம். பெட்டரியை சீக்கிரம் கொல்வது அதிர்வு, உள்ளே தகடுகள் உதிர்ந்துவிடும். 6 மி.மீ. கம்பி இரண்டை, ஒரு முனையில் கொக்கியும் மறுமுனையில் மரையுமாகச் செய்து, மேலே ஒரு பட்டை இரும்பை வைத்து இறுக்குங்கள். பட்டை பெட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே போகட்டும், பிளஸ் பக்கம் நெருங்கவே கூடாது. அதற்கு மேல் தண்ணீர்க் குழாயைப் பிளந்து உறையாகப் போடுங்கள். கையால் அசைத்தால் ஆடாத அளவுக்கு இறுக்கினால் சரி, அதற்கு மேல் இறுக்கினால் பெட்டரியின் பெட்டி கீறல் விடும்.

வெலிமடை கிழங்கு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பெயின்ட் அடிக்குமுன் சேசிஸில் ஒட்டியிருக்கும் அமிலத்தை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். நுரை அடங்கும்வரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயின்டுக்கு அடியிலேயே அரிக்கும். மைனஸ் வயர் பூட்டும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய விடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசி.

கந்தப்பளை லீக்ஸ்:
நன்றி அண்ணே. சேசிஸில் தட்டைப் பூட்டும் பழைய துளைகள் நல்லாத்தான் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் போல்ட் முறிந்து நிற்கிறது. புதுத் தட்டு கொஞ்சம் உயர்ந்தால் பொனட் இடிக்குமா?

ராகலை பட்டறை:
பெட்டரி முனைகளின் மேல் களிமண் உருண்டை வைத்து பொனட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். உருண்டை விரல் தடிப்புக்குக் கீழே நசுங்கியிருந்தால் தட்டைத் தாழ்த்த வேண்டும். முறிந்த போல்டுக்கு ராத்திரி டீசல் விட்டு ஊற வையுங்கள். காலையில் நடுவில் சின்ன பிட்டால் துளைத்து, அப்புறம் பெரிய பிட்டுக்குப் போங்கள்.