சிந்துவெளியை எகிப்துடன் எப்படி ஒப்பிடுவது? வழிகாட்டல் தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கெடா, பீடோங்கில் ஆறாம் படிவம் பயிலும் நான், மறுமை குறித்த நம்பிக்கைகளை எகிப்து, மெசபொத்தேமியா, சிந்துவெளி ஆகிய மூன்றிலும் ஒப்பிட்டு ஓர் இடுபணி எழுதி வருகிறேன்.

எகிப்துக்குச் சான்றுகள் ஏராளம். இறந்தவரின் இதயத்தை ஒரு தட்டிலும் மாஅத் தெய்வத்தின் இறகை மறுதட்டிலும் வைத்து அனுபிஸ் என்னும் தெய்வம் நிறுக்க, பாவம் மிகுந்த இதயத்தை முதலைத் தலை கொண்ட அம்மித் விழுங்கிவிடும் என்பதைப் பாப்பிரஸ் சுருள்களில் ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். மெசபொத்தேமியரின் கீழுலகமோ, இறந்தோர் புழுதியை உண்டு கிடக்கும் இருண்ட வீடு. நைல் வெள்ளம் காலம் தவறாமல் வந்ததும் டைகிரிஸ் வெள்ளம் சொல்லாமல் வந்ததுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லப்படுவது எனக்கு அவசர முடிவாகவே படுகிறது.

சிக்கல் சிந்துவெளியில்தான். கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த அந்நாகரிகத்தின் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஹரப்பாப் புதைகுழிகளில் மட்பாண்டங்கள் கிடைத்தாலும், அவை மறுமைக்காக வைக்கப்பட்டவையா என்பதைச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. மொகஞ்சதாரோ முத்திரையில் உள்ள கொம்புடைய உருவத்தைச் சிவனின் முன்வடிவம் என்று தொல்லியலாளர் ஜான் மார்ஷல் கூறியதையும் ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. (பக்கத்து ஊரான மெர்போக்கின் சண்டிகள் எனப்படும் பழங்கோயில் எச்சங்களைச் சேர்க்குமாறு தோழியர் கூறுகின்றனர், அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை என்பதால் தவிர்த்துவிட்டேன்.)

எழுத்துச் சான்று உள்ளவற்றையும் இல்லாததையும் ஒரே அட்டவணையில் வைப்பது முறையாகுமா, அல்லது புதைகுழிப் பொருள்களை மட்டும் மூன்றுக்கும் பொது அளவுகோலாகக் கொள்ளலாமா? வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் இத்துறையில் பயின்றவர்களும் கருத்துரைக்க வேண்டுகிறேன். ஹரப்பாப் புதைகுழிகளை விரிவாகப் பேசும் தமிழ் நூல் ஏதேனும் இருப்பின், அதன் பெயரையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.