ஷிங்கு நதிக் கெளுத்திகள் மட்டும் வைத்து ஒரு நாலடித் தொட்டி: சென்னை அனுபவங்கள்

கொளத்தூர்வாசி:
பிரேசிலின் ஷிங்கு நதி பிளெக்கோக்கள் (கல்லுல ஒட்டிக்கிற உறிஞ்சு வாய்க் கெளுத்திகள்) சென்னை வெயிலைத் தாங்குமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. தாங்கும். அல்டமீரா ஊர் பக்கம் அந்த நதி பெரிசா வளைஞ்சு பாறைகளுக்கு நடுவுல பாயுது. அங்க தண்ணியே 28லேர்ந்து 32 டிகிரி வரைக்கும் இருக்கும். அமேசான் மீன்னாலே 25 டிகிரின்னு நினைச்சு சில்லருக்கு (தண்ணியைக் குளிர வெக்கிற மெஷின்) காசு போடாதீங்க. நம்ம ஊர்ல சிக்கல் ஆக்சிஜன்தான். 25 டிகிரி தண்ணி லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில 7.5தான். அந்தச் சூட்டுல மீனும் கூடுதலா மூச்சு வாங்கும், ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியாவும் கூடுதலா எடுக்கும். நதியில பாறை மேல மோதி நுரைக்கிற ஓட்டம் அதை ஈடு கட்டுது. தொட்டியில அந்த வேலையை நாமதான் செய்யணும்.

4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். கொள்ளளவு 340 லிட்டர், மணலும் கல்லும் போக 270 லிட்டர் தண்ணி நிக்கும். உயரத்துக்குச் செலவு பண்ணாதீங்க, இந்த மீனுக்குத் தரைதான் வீடு. மணிக்கு 2500லேர்ந்து 3000 லிட்டர் வரைக்கும் மொத்த ஓட்டம் வேணும். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளிய வெக்கிற மூடின ஃபில்டர்) பாதியைப் பாத்துக்கும். மீதிக்கு ஒரு பவர்ஹெட்டை (தண்ணிக்குள்ள மூழ்குற சின்ன பம்பு) பின்சுவரை ஒட்டி நீளவாக்குல அடிக்க விடுங்க, உறிஞ்சுற வாய்க்கு ஸ்பாஞ்ச் போடுங்க. கேனிஸ்டர் வெளிக்குழாய் தண்ணி மட்டத்தை உடைக்கணும், மேல்பரப்புல எண்ணெய்ப் படலம் நின்னா ஓட்டம் பத்தலைன்னு அர்த்தம். தரைக்கு எம்-சாண்ட் வேண்டாம், உடைச்ச கல், முனை கூர்மையா இருக்கும், தூசும் அடங்காது. நீச்சல்குள ஃபில்டருக்குப் போடுற சிலிக்கா மணல் நல்லது, 1 அங்குலத்துக்கு மேல வேண்டாம்.

வேளச்சேரி நீர்க்கணக்கு:
தண்ணி பத்திச் சொல்றேன். ஷிங்கு தண்ணி ரொம்ப மென்மை, தாது உப்பு மிகக் குறைவு. நம்ம போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 900 எல்லாம் சாதாரணம். வளர்க்க மட்டும்னா 250 வரைக்கும் போகலாம், முட்டை வைக்கணும்னா 150க்குக் கீழ கொண்டு வாங்க. போர் 900, ஆர்ஓ 40ன்னு வெச்சுக்கிட்டா, 100 லிட்டருக்கு போர் தண்ணி 13, ஆர்ஓ 87 கலந்தா சுமார் 150 வரும். வெறும் ஆர்ஓ மட்டும் ஊத்தாதீங்க, அமிலத்தைத் தாங்குற கார்பனேட் இல்லாம பிஎச் ஒரு ராத்திரியில சரிஞ்சுடும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணியும் அருமையானது. முதல் ரெண்டு மூணு மழையில மொட்டை மாடி கழுவி முடியட்டும், அப்புறம் பிடிங்க. அதையும் இதே மாதிரி கலந்துதான் ஊத்தணும்.

மெட்ரோ தண்ணியா இருந்தாலும், லாரித் தண்ணியா இருந்தாலும் குளோரின் பாக்காம ஊத்தக் கூடாது. ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம் 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம் குளோரினை முறிக்கும். குளோரின் வாடை மூக்குல ஏறுற அளவுக்கு இருந்தா கிட் வெச்சுப் பாத்துட்டு அளவை ஏத்துங்க. வாரம் 30 சதவீதம் மாத்தினா போதும்.

பெரம்பூர் தம்பி:
சார், மீன் முட்டை வைக்கிற குகைக்குக் கடப்பாக் கல் ஒட்டி வெக்கலாமா? வெட்டுத்துண்டு சும்மாவே கிடைக்குது.

வேளச்சேரி நீர்க்கணக்கு:
வேண்டாம் தம்பி. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. 900 டிடிஎஸ் தண்ணியில கண்டுக்க வேண்டியதில்ல. 150ல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு கடினத்தை ஏத்தும், அப்புறம் ஆர்ஓ கலந்ததுக்கே பலன் இல்ல. கொசப்பேட்டை மாதிரி இடத்துல குயவர்கிட்ட சொன்னா மண் குகையை மெருகு பூசாம சுட்டுத் தருவாங்க. ஒரு முனை மூடி இருக்கணும். எல்-46 (ஜீப்ரா பிளெக்கோ; எல்-எண்ங்கிறது பிளெக்கோ வகைகளுக்கு வெச்ச அடையாள எண்) அளவு மீனுக்கு உள்ளகலம் 4 செ.மீ., நீளம் 13 செ.மீ. எல்-66க்கு அகலம் 5, நீளம் 18. மீன் உள்ள போனா முதுகுத் துடுப்பு கூரையைத் தொடணும். அகலமா இருந்தா ஆண் மீனால பெண்ணை உள்ள அடைச்சுப் பிடிக்க முடியாது, முட்டையும் வராது. வாயைத் தண்ணி ஓட்டத்துக்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி வைங்க.

அண்ணாநகர் எல்-நம்பர்:
எந்த மீன்ங்கிறதுலதான் பெரும்பாலான தொட்டி கெட்டுப் போகுது. எல்-எண் 1988ல ஜெர்மன் பத்திரிகை ஒண்ணு ஆரம்பிச்சது, அதுவே இனப் பேர் ஆகாது. எல்-18, எல்-81, எல்-177 மூணுமே ஒரே இனம்தான், 2011ல பேரியான்சிஸ்ட்ரஸ் ஸாந்தெல்லஸ்னு பேர் வெச்சாங்க. கடையில இதுக்குப் பேர் கோல்டு நகெட்.

இந்த 270 லிட்டருக்கு என் கணக்கு: ஹைபான்சிஸ்ட்ரஸ்ங்கிற சின்ன பிளெக்கோ பேரினத்துல ஒரே வகை, 6 குட்டி. எல்-66ஓ எல்-333ஓ, ஏதாவது ஒண்ணு. ரெண்டையும் சேத்தா கலப்புக் குட்டி வரும். அதை யாரோ எல்-எண் போட்டு வித்துடுவாங்க, அப்புறம் சுத்தமான வரிசை எங்கயும் மிஞ்சாது. கூட ஒரே ஒரு கோல்டு நகெட். ரெண்டு போட்டா பெரிசு சின்னதைத் தின்ன விடாது. எல்-25 ஸ்கார்லெட் 40 செ.மீ. வரும், மூர்க்கம். ஆறடித் தொட்டியில தனியா வெக்கிற மீன் அது.

எல்-46 ஜீப்ரா ஆசை எல்லாருக்கும் உண்டு. பெலோ மொன்டே அணை 2016லேர்ந்து அல்டமீரா பக்கத்து அந்த நதி வளைவோட தண்ணியைத் திருப்பி விடுது, ஜீப்ராவுக்கு இருக்குற ஒரே இடம் அந்த வளைவுதான். நதியில பிடிச்ச ஜீப்ராவை பிரேசில் ஏற்றுமதி பண்ண விடுறதில்ல, 2017லேர்ந்து சைட்டிஸ் (அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்லயும் இருக்கு. அதனால தொட்டியில பொரிச்ச குட்டி மட்டும் வாங்குங்க, காகிதத்தோட வாங்குங்க. 2022ல திருத்தின வன உயிரினச் சட்டப்படி இந்த மாதிரி பட்டியல் உயிரினத்தைப் பதிவு பண்ணணும், மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துலயே செய்யலாம்.

பெரம்பூர் தம்பி:
கரண்ட் போனா?

கொளத்தூர்வாசி:
மின்வாரியப் பராமரிப்புன்னா காலை 9லேர்ந்து மதியம் 2 வரைக்கும் போகும். 31 டிகிரியில அஞ்சு மணி நேரம் ஓட்டம் நின்னா முதல்ல போறது பெரிய மீன். காற்றுப் பம்பும் பவர்ஹெட்டும் சேர்ந்து 20 வாட் கூட வராது. அதை மட்டும் வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, 150 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி தாராளமாத் தாங்கும். கேனிஸ்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுதுன்னா உள்ள இருக்குற தண்ணி ஆக்சிஜன் செத்து நாறிடும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீங்க, உள் தண்ணியைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா தங்குற வடிகட்டிப் பொருள்) தொட்டித் தண்ணியில அலசிட்டுப் போடுங்க.

மே மாசம் 33ஐத் தாண்டினா மூடியை எடுத்துட்டு மேல்பரப்புல சின்ன ஃபேன் அடிக்க விடுங்க. 2 டிகிரி இறங்கும். காத்துல ஈரம் கூடின நாள்ல அவ்வளவு இறங்காது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ மட்டும்தான் ஊத்தணும், உப்பு எல்லாம் தொட்டியிலயே தங்கிடுது இல்லையா.

அண்ணாநகர் எல்-நம்பர்:
தீனியிலயும் ஒண்ணு. ஜீப்ராவோ எல்-66ஓ பாசி மேயாது. இறால் துருவல், உறைஞ்ச புழு, அடியில மூழ்குற பெலட், விளக்கு அணைச்ச பிறகு போடுங்க. நகெட் நேர் எதிர், நாள் முழுக்க கல்லைச் சுரண்டிக்கிட்டே இருக்கும். சௌசௌ, சுரைக்காய் தோல் சீவி ரெண்டு நிமிஷம் வேகவெச்சு ராத்திரி போடுங்க, காலையில எடுத்துடுங்க, 30 டிகிரியில மதியத்துக்குள்ள கூழாகி அமோனியா ஏறிடும். மாடியில தொட்டித் தண்ணி ஊத்துன டப்புல கூழாங்கல் போட்டு ரெண்டு வாரம் வெயில்ல வெச்சா பச்சைப் படலம் கட்டும், கல்லை மாத்தி மாத்தி உள்ள வைங்க. டப்பைக் கொசுவலையால இறுக்கி மூடுங்க, மாநகராட்சி ஆள் வந்து பாத்தா அபராதம்.

புது மீனை நாலு வாரம் தனியா வைங்க. கண்ணாடியில ஒட்டும்போது அடிவயித்தைப் பாருங்க. தட்டையா இருந்தாச் சரி. உள்வாங்கி இருந்து கண்ணும் குழிஞ்சிருந்தா வாங்காதீங்க, குடல் நுண்ணுயிர் செத்த மீன் தின்னாலும் தேறாது. தாமிரம் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம், மென்தண்ணியில அதோட விஷம் இன்னும் கூடும்.

வேளச்சேரி நீர்க்கணக்கு:
வலையில பிடிக்காதீங்க. கன்னத்துல, செவுள் மூடி ஓரத்துல இருக்குற முள் கொக்கி மாதிரி விரிஞ்சு நூல்ல மாட்டிக்கும், இழுத்தா செவுள் மூடியே கிழியும். பிளாஸ்டிக் டப்பாவை எதிர்ல வெச்சு விரல்ல தள்ளி உள்ள விடுங்க. மாட்டிடுச்சுன்னா வலையைத் தண்ணியிலயே வெச்சு, முள்ளைச் சுத்தி நூலைச் சின்னக் கத்தரியால வெட்டுங்க. மிச்ச நூலை மீன் தானே உதறிடும். கொண்டு போறப்போ பை ரெண்டு போட்டு நடுவுல நியூஸ்பேப்பர் வைங்க, ஒரு பைக்கு ஒரு மீன்.